துவைத்த காய்

மணப்பாறை
12-6-1978

இருதயமேரிக்கு வியாகுலம் எழுதிக்கொண்டது.

நான் ஊர் வந்து சேந்துட்டேன். தம்பி எப்படி இருக்கான்னு கேக்க மாட்டேன். கண்ணால பாத்துட்டுத்தானே வந்தேன்.

சொல்லிக்காம கிளம்பிட்டேன்னு நீ நெனச்சிருப்ப. சொல்லிட்டுக் கிளம்பியிருந்தா அதோட வேற நாலு பேச்சும் வந்திருக்கும். ஜெயராணி பக்கத்துல நின்னுச்சு. பிள்ளை முன்னாடி வேணாம்னுதான் வாயை மூடிக்கிட்டு பஸ் ஏறினேன். இப்ப எழுதுறேன்.

விடியக்காலையில என் தோட்டத்துல என் கையால பறிச்சு ஒரு கூடை கொண்டாந்தேன். அவரை, கத்திரி, புடலங்காய், முருங்கைக்கீரை. நீ அவரையை எடுத்து நூலு நூலா நறுக்கி வெந்நீர்ல போட்டு ரெண்டு மணி நேரம் வெச்ச. அந்தத் தண்ணியைக் கொட்டுன. வேற தண்ணி ஊத்தி வேகவெச்ச. அதையும் சாக்கடையில கொட்டுன. மிச்சம் இருந்தது வெறும் சக்கை. அதுலயும் உப்பு இல்ல. என் தம்பி கிளமென்ட் தலையைக் குனிஞ்சுக்கிட்டு அதைத் தின்னான். கீரையை நீ எங்க வெச்சன்னே தெரியல.

இருபது வருஷமா மணப்பாறை சந்தையில காய் விக்கிறவ நான். காய் வெந்த தண்ணியைக் கீழ கொட்டுன வீட்டை இப்பத்தான் பாக்குறேன். எங்க அம்மா செத்தப்ப அவனுக்கு ஒன்பது வயசு, எனக்குப் பதினெட்டு. அந்தத் தண்ணியில ரசம் வெச்சு ஊத்தித்தான் அவனை வளத்தேன். இன்னைக்கு ஸ்ரீரங்கம் பாசன ஆபீஸ்ல உக்காந்து காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் படம் வரையிறான்னா, அந்தச் சத்துலதான். ஆபீஸ் மாடிப்படி ஏற முடியலக்கான்னு அவனே சொன்னான். திங்காம எப்படிம்மா ஏறுவான்?

கிட்னி சரியில்லன்னா மருந்து குடுக்கணும். பட்டினி போடக் கூடாது. நீ வாத்திச்சி, எனக்குப் படிப்பு அஞ்சாங்கிளாஸ்தான். ஆனாலும் இது எனக்குத் தெரியும்.

வியாகுலம்மாள்


தென்னூர், திருச்சி
20-6-1978

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். உங்கள் கடிதம் கிடைத்து ஆறு நாள் ஆகிறது. இரண்டு முறை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். ஒன்றில் கோபம் அதிகமாக இருந்தது. இன்னொன்றில் மன்னிப்பு அதிகமாக இருந்தது. இரண்டும் உங்களுக்கு உதவாது.

நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பிக்குச் சிறுநீரகம் நாலில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது. போனது திரும்பி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருப்பதைக் காப்பாற்றினால் இரண்டு வருடம், அதற்கு மேல் ஆண்டவர் கொடுப்பது என்றார். அவருக்கு இது தெரியும். ஜெயராணிக்குத் தெரியாது.

காயில் பொட்டாசியம் என்று ஒரு சத்து இருக்கிறது. நமக்கு அது நல்லதுதான். மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். இவருக்குத் தள்ள முடியாது. ரத்தத்திலேயே தங்கி ஒரு அளவைத் தாண்டினால் நெஞ்சுத் துடிப்பு நின்றுவிடும். முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வராது.

முதலில் பார்த்த டாக்டர் காயே கூடாது என்றார். மூன்று மாதம் வெறும் சோறும் மோரும். வாய் வெறுத்துப் போய்த் தட்டைக் கண்டாலே எழுந்து போய்விடுவார். நீங்கள் பார்த்த மெலிவு அப்போது வந்ததுதான். பிறகு ஸ்ரீரங்கத்தில் டாக்டர் திருவேங்கடத்திடம் போனோம். அவர்தான் வழி சொன்னார். அந்தச் சத்து தண்ணீரில் கரையும், ஆகவே தோலைச் சீவி மெல்லிசாக நறுக்கி, நிறைய வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, கொட்டி, மறுபடி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் கொட்டுங்கள் என்றார். எல்லாம் போகாது, பாதிக்கு மேல் போகும். அதனால் எல்லாக் காயும் ஆகாது. கீரை, முருங்கை, வாழைக்காய், தக்காளி, புளி, கிழங்கு இவற்றைத் தொடவே வேண்டாம் என்றார். இளநீர் அறவே கூடாது என்று சீட்டில் கோடு போட்டு எழுதிக் கொடுத்தார்.

நான் சாக்கடையில் கொட்டுவது அந்தத் தண்ணீரைத்தான் அக்கா. கை கூசத்தான் செய்கிறது. உங்கள் தம்பி இதற்கு 'துவைச்ச காய்' என்று பெயர் வைத்திருக்கிறார். ஆபீஸிலிருந்து வந்ததும், "இன்னைக்கு என்ன துணி துவைச்ச?" என்று கேட்பார்.

உங்கள் கீரையை எதிர்வீட்டு சாரா பீவியிடம் கொடுத்துவிட்டேன். மறைக்க மனமில்லை.

இப்படிக்கு,
இருதயமேரி


மணப்பாறை
2-7-1978

இருதயமேரிக்கு,

கீரையை எதிர்வீட்டுக்குக் குடுத்தேன்னு தைரியமா எழுதியிருக்க. சந்தோசம். அவங்களாச்சும் நல்லா இருக்கட்டும்.

நீ எழுதுனது எல்லாம் படிச்சேன். ரெண்டு வருசம்னு எழுதியிருக்கியே, அந்த வரியை மட்டும் ரெண்டாந்தடவை படிக்க முடியல. எந்த டாக்டர் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். இளநீர் குடிச்சு எவனாச்சும் செத்தான்னு நம்ம ஊர்ல கேள்விப்பட்டிருக்கியா? காய்ச்சல்காரனுக்கும் பிள்ளை பெத்தவளுக்கும் அதைத்தானே குடுக்குறோம்.

ஒண்ணு கேக்குறேன். செப்டம்பர் எட்டு மாதா திருவிழாவுக்கு அவனை அனுப்பி வை. ரெண்டு நாள் என் வீட்டுல இருக்கட்டும். நாற்பத்தொரு வயசுல ஒரு திருவிழாவுக்குக்கூட அவன் வராம இருந்ததில்ல. அதுக்கும் சீட்டுல கோடு போட்டிருக்கா?

வியாகுலம்மாள்


தென்னூர்
6-9-1978

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். எட்டாம் தேதி பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்ஷன். லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. வாரக்கணக்கில் உங்கள் ஊர்ப் பேச்சாகவே இருக்கிறார். தடுக்க எனக்கு வாய் வரவில்லை.

சாப்பாட்டுக்குப் புடலங்காய், சுரைக்காய் இரண்டில் எது வேண்டுமானாலும் செய்யுங்கள். துவைக்கும் முறை முந்தைய கடிதத்தில் இருக்கிறது. தண்ணீர்கூட ஒரு நாளைக்கு அவருடைய கூஜாவில் இரண்டு தடவைதான். மற்றது எதுவும் வேண்டாம். உங்களை நம்பித்தான் அனுப்புகிறேன்.

இருதயமேரி


மணப்பாறை
19-9-1978

இருதயமேரி,

உன்னை எப்படிக் கூப்பிடுறதுன்னு தெரியாம வெறும் பேரை எழுதியிருக்கேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவுல மூணு நாள் உக்காந்திருந்தேன். நீ என்னைத் தாண்டித் தாண்டிப் போன. ஒரு வார்த்தை பேசல. திட்டியிருந்தாக்கூடத் தேவலாம். நாலாம் நாள் தம்பி கண்ணு முழிச்சு டீ கேட்டான்னு நர்ஸ் சொன்னுச்சு. அதுக்கு மேல அங்க நிக்க எனக்கு மூஞ்சி இல்ல. வந்துட்டேன்.

என்ன நடந்துச்சுன்னு நீ என்கிட்ட கேக்கல. கேக்காட்டியும் சொல்லணும். திருவிழா அன்னைக்கு நல்ல வெயில். சப்பரத்தோட கூடவே நடந்தான். வீட்டுக்கு வந்தப்ப முகமெல்லாம் வெளுத்துப் போயிருந்துச்சு. நான் ரெண்டு இளநீர் வெட்டுனேன். "வேணாங்க்கா, மேரி வேணாம்னு சொல்லியிருக்கா"ன்னான். "உன்னை வளத்தவ நானா அவளா?"ன்னு கேட்டேன். அவன் வாங்கிக் குடிச்சான். என் மனசு நோகக் கூடாதுன்னுதான் குடிச்சான்னு இப்பத் தெரியுது. மத்தியானம் முருங்கைக்கீரை வதக்கி வெச்சேன், வாழைப்பழம் வெச்சேன். அதையும் தின்னான். நல்லா இருக்குக்கான்னான்.

பொழுது சாயிற நேரம் பாயில இருந்து எந்திரிக்கப் பாத்தான், கால் வரல. "அக்கா, கால் என்னுது மாதிரியே இல்ல"ன்னான். நாடியைப் புடிச்சுப் பாத்தேன். ஒண்ணு அடிச்சுது. அடுத்தது அடிக்கவே மாட்டேங்குது. பக்கத்துத் தோட்டத்து மருதை அப்பத்தான் திருச்சி மார்க்கெட்டுக்கு லாரியில வெங்காயம் ஏத்திக்கிட்டு இருந்தான். மூட்டையை இறக்கிப் போட்டுட்டு இவனை ஏத்தினோம். திண்டுக்கல் ரோட்டுல அவ்வளவு தூரமும் அவன் நெஞ்சுல கைய வெச்சுக்கிட்டே வந்தேன்.

நான் விஷம் வைக்கல இருதயமேரி. ஆனா விஷத்தை ஊட்டுனது என் கைதான். இனிமே உன் வீட்டுக்கு நான் வரல. காயும் அனுப்பல.

வியாகுலம்மாள்


தென்னூர்
3-10-1978

அன்புள்ள அக்காவுக்கு,

அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று வாசல் வரை நடந்தார். அடுத்த வாரம் ஆபீஸ் போகிறேன் என்கிறார். நாடித்துடிப்பு முப்பத்தெட்டுக்கு இறங்கியிருந்ததாம். சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள், இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் ஊசி போட்டும் பிரயோசனம் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். உங்களிடம் இதைச் சொல்ல வேண்டும்.

வராந்தாவில் நான் பேசாமல் போனதற்குக் காரணம் கோபம் இல்லை. கோபம் இருந்தது, இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் வாயைத் திறந்தால் உங்களைத் திட்டுவேன், திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. அதனால்தான் பேசவில்லை.

இதுவரை யாருக்கும் சொல்லாததைச் சொல்கிறேன். போன ஜனவரியில் என் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது ஒரு டப்பா உப்பு கொண்டுவந்தார். சாதாரண உப்பு ஆகாதவர்களுக்கு என்று விற்கிறார்களாம். நான் சந்தோஷத்தோடு வாங்கி வைத்துக்கொண்டேன். நாலு நாள் காயிலும் மோரிலும் போட்டேன். பல மாதம் கழித்து நாக்கில் உப்புப் பட்டபோது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஐந்தாம் நாள் ஆபீஸ் படியில் விழுந்துவிட்டார். டப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் ஓடினேன். டாக்டர் படித்துப் பார்த்துவிட்டு, "இது பூராவும் பொட்டாசியம்மா" என்றார். காயைத் துவைத்துத் துவைத்து வெளியே கொட்டியதை நான் கரண்டியால் அள்ளி உள்ளே போட்டிருக்கிறேன். எல்லோரிடமும் வெயில் மயக்கம் என்று சொன்னேன். உங்களுக்கும் அப்படித்தான் எழுதினேன்.

நீங்கள் செய்ததைப் பத்து நாளில் ஒளிக்காமல் எழுதிவிட்டீர்கள். எனக்கு ஒன்பது மாதம் ஆகியிருக்கிறது. அந்தத் தைரியம் எனக்கு இல்லாமல் போனதே என்று உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காய் அனுப்ப மாட்டேன் என்று எழுதாதீர்கள். மார்க்கெட்டில் கிடைப்பது முற்றல். உங்கள் புடலங்காய் வேண்டும்.

இருதயமேரி


மணப்பாறை
14-11-1978

அன்புள்ள மேரிக்கு,

உன் கடுதாசியைப் பூசைக்குப் போகும்போதும் கையில கொண்டு போனேன். பதில் எழுத நாளாச்சு. காரணம் இருக்கு.

நீ எழுதுன மாதிரியே காயைத் துவைச்சு, உப்பு இல்லாம, பத்து நாள் நான் தின்னு பாத்தேன். வேற எதுவும் திங்கல. மொத நாள் ஈரத்துணியை மென்ன மாதிரி இருந்துச்சு. மூணாம் நாள் அழுகை வந்துச்சு. இதைத்தான் என் தம்பி மாசக்கணக்கா முகம் சுளிக்காம திங்கிறான், இதை வெச்சுக்கிட்டுத்தான் நீ அவனைச் சிரிக்க வெக்கிறன்னு அப்பத்தான் வெளங்குச்சு.

அதுக்கப்புறம் காய்க்காரி புத்தி வேலை செஞ்சுது. கேட்டுக்க. கத்திரிக்காய் துவைச்சா கூழாயிடுது, விடு. பிஞ்சு புடலை, பீர்க்கு, சுரை, கோஸ் நல்லா நிக்குது. வெந்ததும் நீ அப்படியே தாளிக்கிற, அங்கதான் தப்பு. வெள்ளைத்துணியில கட்டிப் பிழிஞ்சு, தட்டுல பரப்பி ஆறப் போடு. ஈரம் போனாத்தான் எண்ணெய் காய்க்குள்ள இறங்கும். ஈரத்தோட போட்டா காய் வேற, தாளிப்பு வேறன்னு நிக்கும். கடுகு வெடிச்சதும் நாலு பல்லு பூண்டு தட்டிப்போட்டு, செவந்ததும் காயைப் போட்டு, மிளகு பொடிச்சுத் தூவி, எறக்கும்போது காடி, அதான் வினிகர், ரெண்டு சொட்டு விடு. புளி வேணாம், புளியிலயும் அந்தச் சத்து இருக்குன்னு நீ எழுதியிருந்த. நாக்கு உப்பைத் தேடாது. தேடுனாலும் கொஞ்ச நேரம் மறந்துடும்.

ஆனா ஒண்ணு. பூண்டும் காடியும் ஆகுமான்னு டாக்டரைக் கேட்டுட்டுத்தான் குடுக்கணும். நான் சொன்னேன்னு குடுத்துடாத.

கண்டக்டர் பிச்சமுத்து கிட்ட சனிக்கிழமை கூடை வரும். அதுல கீரை இருக்காது.

வியாகுலம்


தென்னூர்
22-1-1979

அன்புள்ள அக்கா,

டாக்டரிடம் கேட்டேன். நீங்கள் சொன்ன அளவுக்கு இரண்டும் கொடுக்கலாம் என்றார். அன்றே பீர்க்கங்காய் செய்தேன். பிழிந்து, பரப்பி, ஈரம் போகும்வரை காத்திருந்தேன். பூண்டு வாசனை வந்ததும் அவரே அடுப்படிக்கு வந்து எட்டிப் பார்த்தார். இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இந்த வீட்டில் இரண்டாவது தடவை என்ற பேச்சு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அளவு தாண்டக் கூடாது என்று அரைக்கரண்டிதான் வைத்தேன். "அக்கா கைப்பக்குவம் தபால்ல வந்திருக்கு" என்றார்.

இரண்டு மாதமாக ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறவில்லை. டாக்டர் என்ன மாற்றினீர்கள் என்று கேட்டார். உங்கள் கடிதத்தையே காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். "இத்தனை வருஷமா காயைக் கொதிக்க வைங்கோன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன். அதை எப்படித் திங்கிறதுன்னு யாருக்கும் சொன்னதில்லை. இந்தம்மா சொல்லியிருக்கா" என்றார். பிழிந்து உலர்த்துவதை மற்றவர்களுக்கும் சொல்ல உங்கள் அனுமதி கேட்கச் சொன்னார்.

நான் பதினைந்து வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறேன். தான் சொன்னது தப்பு என்று தெரிந்ததும் பத்து நாள் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்க்கிற மாணவி எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. உங்களை மாணவி என்று எழுதியதற்குக் கோபப்பட மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

மேரி


மணப்பாறை
10-9-1981

அன்புள்ள மேரி,

நீங்க மூணு பேரும் திருவிழா முடிஞ்சு போனதுல இருந்து வீடு வெறிச்சுனு இருக்கு. ரெண்டு நாளும் அவன் சாப்பாட்டை நானே செஞ்சேன், நீ பக்கத்துல நின்னுக்கிட்டு ஒண்ணும் சொல்லல. அதை நான் கவனிச்சேன். டாக்டர் சொன்ன ரெண்டு வருசம் போயி மூணு வருசம் ஆச்சு.

கிணத்தோரம் எட்டுப் பாத்தி முழுக்க பீர்க்கும் புடலையும் சுரையும் போட்டிருக்கேன். சந்தையில எனக்குப் பக்கத்துக் கடை காளியாயி, "சாறு பூராவும் கொட்டிட்டுச் சக்கையத் திங்க ஒரு தோட்டமா?"ன்னு சிரிக்கிறா. அதே வார்த்தையை ஒரு நாள் நானும் சொன்னவதான், அதனால கோபம் வரல. "என் தம்பி திருவிழா அன்னைக்கு சப்பரத்துக்கு முன்னாடி நடந்து போனான், நீ பாக்கலியா?"ன்னு கேட்டேன். பாத்தேன்னா.

வியாகுலம்


தென்னூர்
4-3-1985

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் ஊருக்குப் போய் இருபது நாள் ஆகிறது. அவர் இல்லாமல் ஒரு மாதம்.

கடைசி இரண்டு வாரம் வேலூரில் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்தபோது நீங்கள் கூட இருந்தீர்கள், உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரியாத ஒன்றை எழுதுகிறேன். ஊருக்குத் திரும்பி வந்த அன்று என்னிடம் சொன்னார்: "இதுக்கு மேல உடம்பு தாங்காது மேரி. ஆனா ஜெயராணி டிரெயினிங் முடிச்சு வேலைக்குப் போறதைப் பாத்துட்டேன். எழுபத்தெட்டுல இதைக் கேட்டிருந்தா, ஆண்டவர் குடுக்க மாட்டாருன்னு நெனச்சிருப்பேன்." பிறகு தூங்கிவிட்டார்.

எனக்கு அடுப்படிக்குப் போகவே பிடிக்கவில்லை. ஜெயராணிதான் சமைக்கிறாள். டாக்டர் திருவேங்கடம் ஆள் அனுப்பியிருந்தார். வியாழக்கிழமைகளில் அவர் கிளினிக்கில் சிறுநீரக நோயாளிகளின் வீட்டுப் பெண்களுக்குச் சமையல் முறை சொல்லித்தர வேண்டுமாம். முடியாது என்று சொல்லிவிட்டேன். செத்துப்போனவருக்குச் சமைத்தவள் சொல்வதை யார் கேட்பார்கள்? நானே கேட்க மாட்டேன்.

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? சாப்பிடுகிறீர்களா?

மேரி


மணப்பாறை
13-3-1985

என் அன்பான மேரி,

சாப்பிடுறேன். அழுதுக்கிட்டே சாப்பிடுறேன், ஆனாலும் சாப்பிடுறேன்.

நீ எழுதுனதுல ஒண்ணு தப்பு. செத்துப்போனவனுக்குச் சமைச்சேன்னு எழுதியிருக்க. நீ சமைச்சது உசுரோட இருந்தவனுக்கு. ரெண்டு வருசம்னு டாக்டர் சொன்னவனை ஆறரை வருசத்துக்கு மேல ஆபீசுக்கு அனுப்பியிருக்க. நடுவுல ஒரு நாள் நான் கெடுத்தேன், நாலு நாள் நீ கெடுத்த. மிச்ச நாளெல்லாம் உன் கைதான் அவனைப் புடிச்சு நிறுத்துச்சு.

அடக்கத்துக்கு வந்திருந்தப்ப ஜெயராணி என்கிட்ட ஒண்ணு சொல்லுச்சு. இத்தனை வருசமும் அவன் தட்டுல இருந்ததுதான் உன் தட்டுலயும் இருந்துச்சாம். பிள்ளைக்குத் தனியா சாம்பார், கீரை எல்லாம் செஞ்சுட்டு, நீ மட்டும் அவனோட உக்காந்து அதே உப்பில்லாத காயைத் தின்னியாம். பத்து நாள் தின்னுட்டு நான் உனக்கு நாலு பக்கம் எழுதுனேன். நீ ஒரு வரி எழுதல. அதைக் கேட்டதுல இருந்து உன்னை நெனச்சா எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோணுது. நான் வயசுல பெரியவ, கும்பிட்டா உனக்குச் சங்கடமா இருக்கும், அதனால எழுத்துல மட்டும் வெச்சுக்குறேன்.

இப்ப நான் எழுத வந்த விசயம். நேத்து சந்தையில ஒரு பொம்பளை என் கடை முன்னாடி ரொம்ப நேரம் நின்னா. வாங்கவும் இல்ல, போகவும் இல்ல. கேட்டா, பேரு அழகம்மாளாம். புருசன் வீரமலை, கடலை வெள்ளாமை பண்ற சம்சாரி. அவனுக்கும் கிட்னி போச்சாம். ஆஸ்பத்திரியில காய் பூராவும் நிறுத்திட்டாங்களாம். ஒரு மாசமா வெறும் சோறு. நேத்து தட்டை வீசிட்டு, "சாகுறதுன்னா நல்லாத் தின்னுட்டுச் சாகுறேன்"னு சொன்னானாம். எந்தக் காயை வாங்கினா அவன் சாக மாட்டான்னு என்கிட்ட கேக்குறா.

எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். பீர்க்கங்காய் கையில குடுத்தேன். ஆனா அவ கேக்குற எல்லாத்துக்கும் எனக்குப் பதில் தெரியல. பருப்பு எவ்வளவு, மோர் எவ்வளவு, சர்க்கரை வியாதியும் சேந்து இருந்தா என்ன பண்றது. டாக்டர்கிட்ட எதைக் கேக்கணும், எதைச் சொல்லணும்னு அவளுக்குத் தெரியல. அதெல்லாம் நீ கத்துக்கிட்டது.

வர்ற சனிக்கிழமை மொத பஸ்ல அவளைக் கூட்டிக்கிட்டு வரேன். உன்னைக் கேக்காமத்தான் முடிவு பண்ணிட்டேன். எட்டு மணிக்கு உன் வீட்டுல இருப்போம். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, சீட்டு எழுதிக் குடுத்தா பிரயோசனம் இல்ல. நீ அருவாமணைய எடுத்துப் போட்டு உக்காந்து, நறுக்கிக் காட்டணும்.

காய் நான் கொண்டு வரேன்.

வியாகுலம்